பெரியம்மா 'பரவாயில்லை' சொல்வதை நிறுத்திய கோடை

மீன் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும்போது, இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதல் ஆள், முதுகு போய் இறால் படகை விற்றுவிட்டவர். கடைசியாகக் கேட்டது, வலிப்பு வரும் மகனை வைத்திருக்கும் ஒரு தாய். மீன் பொட்டலத்தை வாங்கி, காசைக் கொடுத்தபிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா டீகன், அந்த மாற்றுத்திறனாளி உதவித்தொகை, ஒருதரம் குடுத்தா எத்தனை வருஷத்துக்கு வரும்? நடுவுல நிறுத்திடுவாங்களா?"

நான் அதிகாரி இல்லை. போன நவம்பரில்தான் பள்ளிக்கூடத்தை முடித்தேன். ஆனாலும் என்னைத் தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. கிளெனிஸ் பென்ஹால் என் பெரியம்மா. அவருக்கு நடந்ததை முழுதாகச் சொன்னால் கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கடற்கரை ஊரான வாலரூவில் முப்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் பெரியம்மாவைத் தெரியும். பாதிப் பேரை அவர்தான் பள்ளிப் பேருந்து ஓட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பேருந்தின் பின்சீட்டில் சண்டை வந்தால் அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஒருமுறை செம்மறியாட்டுக் கூட்டம் சாலையை அடைத்து நின்றபோது, பையன்களையெல்லாம் இறக்கிவிட்டு ஆடுகளை மேய்ப்பனிடம் ஓட்டிக் கொடுக்கச் சொல்லி, அன்றைக்கு எல்லோரும் தாமதமாக வந்ததற்குத் தலைமையாசிரியரிடம் "கணக்குப் பாடம் வழியிலேயே நடத்திட்டேன், எத்தனை ஆடுன்னு கேட்டுப் பாருங்க" என்றாராம்.

அந்த வேலையை அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. ஒரு மார்ச் மாத மதியம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சாலையில், வலது பாதம் பிரேக்கின் மேல் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே தெரியாமல் போனது. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை மெல்ல இழுத்து, வண்டியை ஓரங்கட்டினார். பிள்ளைகளை யூகலிப்டஸ் மர நிழலில் உட்கார வைத்துவிட்டு வண்டியின் வயர்லெஸ்ஸில் டிப்போவைக் கூப்பிட்டார்.

"வண்டி நல்லா இருக்கு. டிரைவர்தான் ரிப்பேர். வேற ஆள அனுப்புங்க."

அதற்குப் பிறகு அவர் அந்த இருக்கையில் உட்காரவில்லை. நரம்புகளின் மேலுறை அரிக்கப்படும் நோய் என்றார்கள். மருத்துவர்கள் அதை எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். முழுதாகக் குணமாகாது, நாளுக்கு நாள் ஏறி இறங்கும், சூடு பட்டால் பல மடங்காகும். அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாடகை வீடு. குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் எங்கள் கால்பந்து மைதானத்தின் நேரக்காப்பாளர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கால்பகுதி ஆட்டம் முடியும்போதும் சைரனை அழுத்துவார். அந்த அறையில் அவரைத் தவிர வேறு யாரையும் கிளப் உட்கார வைத்ததில்லை.

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் "எப்படி இருக்கே?" என்று கேட்டால் ஒரே ஒரு பதில்தான் உண்டு: "பரவாயில்ல." கால் உடைந்தவரும் அதைத்தான் சொல்வார். மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவரும் அதைத்தான் சொல்வார். வேறு பதில் சொன்னால் கேட்டவருக்குச் சங்கடம் கொடுத்ததாக ஆகிவிடும்.

போன ஜூலையில் பெரியம்மாவின் உதவித்தொகையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பக்கத்து ஊரான கடினாவில் இருக்கும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். எங்களுக்கு ஜூலை குளிர்காலம். மேகமூட்டமான, குளிர்ந்த காலை. வருடத்திலேயே அவர் உடம்பு ஒழுங்காக இருக்கும் மாதம். முந்தின நாள் முழுக்கப் படுத்து ஓய்வெடுத்தார். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டார். மதிப்பீடு செய்ய வந்திருந்த இளம்பெண்ணுக்காக வீட்டில் சுட்ட ஸ்கோன் ரொட்டிகளை ஒரு டப்பா நிறைய எடுத்துப் போனார்.

"எப்படி இருக்கீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பரவாயில்லம்மா, நீ எப்படி?"

"வீட்டு வேலையெல்லாம்?"

"நடந்துட்டுதான் இருக்கு."

"வாரத்துக்குப் பதினஞ்சு மணி நேர வேலைன்னா உங்களால முடியுமா?"

"செஞ்சுதான் பாக்கலாமே."

கேட்டது எதற்கும் அவர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. மரியாதையாகப் பதில் சொன்னதாகவே நினைத்தார். அந்தப் பெண்ணும் தன் காதில் விழுந்ததைத்தான் எழுதினாள். குளிர் முடிந்து வசந்தம் வந்ததும் உதவித்தொகை நின்றது. இன்னொரு முறை பார்க்கச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார். அங்கேயும் "உங்களுக்கும் வேலை நிறைய இருக்கும், சிரமப்படாதீங்க" என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். முடிவு மாறவில்லை. பாக்கி இருந்த ஒரே வழி மேல்முறையீட்டு மன்றம். அதிலும் தோற்றால் வாடகை வீட்டை விட்டுவிட்டு, விக்டர் ஹார்பரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

"உங்கம்மாவும் நானும் ஒரே வீட்டுல இருந்தா, ஒருத்திதான் உசுரோட வெளிய வருவா," என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அவருடைய வீடு, அவருடைய கடல், அவருடைய சைரன் எல்லாம் அந்த மன்றத்தின் கையில் இருந்தன.

இதெல்லாம் நடக்கும்போது நான் இங்கே இல்லை. பரீட்சை முடிந்த கையோடு எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. பல்கலைக்கழகமா, வேலையா, வேறு மாநிலமா என்று தினம் ஒன்று சொல்லி அம்மாவை ஒருவழியாக்கிவிட்டேன்.

"பெரியம்மா வீட்டுக்குப் போடி," என்றாள் அம்மா. "கோடை பூரா கிரிக்கெட் கிளப் வேலைன்னு அங்கயே கிடக்குறா. ஒரு வருஷமாவது ஜனவரில இங்க வந்திருக்காளா? நீயாவது போய்க் கூட இரு."

டிசம்பர் தொடக்கத்தில் வந்தேன். லாம்ப்ரோஸ் என்பவரின் மீன் கடையில் வேலை கிடைத்தது. அவருடைய அப்பா கிரேக்கத் தீவிலிருந்து வந்தவர். லாம்ப்ரோஸ் பிறந்தது இந்தப் படகுத்துறையில்தான். ஒருநாள் கடைக்கு வந்த ஒரு வயதான அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ கிளெனிஸோட தங்கச்சி பொண்ணா? இந்த வருஷம் தலைகீழா இருக்கே! ஜனவரி வந்தா அவதானே உங்க வீட்டுக்குக் கிளம்பிடுவா?"

"எங்க வீட்டுக்கா? அவங்க ஒரு ஜனவரிகூட வந்ததில்லையே."

என் பக்கத்தில் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த லாம்ப்ரோஸின் கத்தி நின்றது. அந்த அம்மாள் போனபிறகு, என்னைப் பார்க்காமலே, மறுபடி சீவத் தொடங்கிவிட்டார்.

ஊருக்கு 'தங்கை வீடு' என்றும், தங்கைக்கு 'கிரிக்கெட் கிளப்' என்றும் சொல்லிவிட்டுப் பெரியம்மா ஒவ்வொரு ஜனவரியும் எங்கே போகிறார் என்பது அடுத்த வாரம் நாற்பது டிகிரி வெயில் அடித்தபோது தெரிந்தது. வேலை முடிந்து வந்தால் திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"உள்ள வராத டீகன்!"

நான் உள்ளே போனேன். பழைய நீச்சலுடை போட்டுக்கொண்டு, தண்ணீர் நிறைந்த குளியல் தொட்டியில் கிடந்தார். சுற்றிலும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் உறைந்த பனிக்கட்டிகள் மிதந்தன. பேச்சு குழறியது. தொட்டியின் விளிம்பைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். கை பாதியில் விழுந்தது. ஹாலிலிருந்து குளியலறை வரை பனிக்கட்டி டப்பாக்களைத் தள்ளிக்கொண்டு அவர் தவழ்ந்து வந்த ஈரத் தடம் தரையில் இருந்தது.

"எப்படி இருக்கீங்க பெரியம்மா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"பரவாயில்ல," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவருக்குச் சிரிப்பு மட்டும் வந்தது.

மாநிலத் தலைநகர் அடிலெய்டில் இலவச சட்ட உதவி மையம் ஒன்றில் ரோஷீன் என்ற வழக்கறிஞரைத் தொலைபேசியில் பிடித்தேன். பழைய மதிப்பீட்டில் எழுதியிருந்ததை அவர் படித்துவிட்டு நேராகப் பெரியம்மாவிடம் பேசினார்.

"மருத்துவர் எழுதின நோய் விவரமெல்லாம் நல்லாவே இருக்கு. அது போகாத நோய்னு எல்லாரும் ஒத்துக்கறாங்க. அது உங்கள என்ன பாடு படுத்துதுன்னுதான் யாருக்கும் தெரியல. ஏன்னா நீங்க யார்கிட்டயும் சொல்லல."

"என்ன சொல்லணும்?"

"உண்மைய. விசாரணை தொலைபேசியிலதான். அவங்களால உங்களப் பாக்க முடியாது. உங்க வாயிலேர்ந்து வர்றது மட்டும்தான் அவங்களுக்குக் கிடைக்கும். கிளெனிஸ், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். 'பரவாயில்ல'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

கேட்க எளிதாக இருந்தது. தினமும் காலையில் பயிற்சி தொடங்கினோம். நான் கேட்பேன், அவர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"எப்படி இருக்கீங்க?"

"பரவா... சீ. இடது கால் மரத்துப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அவ்வளவுதான். நீ போய் டீ போடு."

"டீக் கப்பை உங்களால தூக்க முடியுமா இன்னைக்கு?"

கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். "பாதிக் கப் ஊத்து. முழுசா ஊத்துனா மடியில கொட்டிடும்," என்றார். பிறகு, "ஒரு மனுஷி காலங்காத்தால இப்படி ஒப்பாரி வெக்கணுமா? துணியில்லாம தெருவுல நிக்கற மாதிரி இருக்கு," என்று முனகினார்.

ஜனவரி முழுக்க இப்படியே போனது. சில நாள் நன்றாகச் சொன்னார். சில நாள் பழைய வார்த்தை முந்திக்கொண்டது. ஐஸ் தீர்ந்துவிடுமே என்று நான் கவலைப்படும் நாட்களில் பின்வாசலில் ஒரு மூட்டை ஐஸ் இருக்கும். கடையில் மிச்சமானதை லாம்ப்ரோஸ் வைத்துவிட்டுப் போகிறார், என்னிடம் சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை நாள் பிப்ரவரியில் வந்தது. காலையிலிருந்தே வடக்குக் காற்று அனலாக அடித்தது. நாற்பத்து மூன்று டிகிரி. பத்து மணிக்கு மின்சாரம் போனது, ஏசி நின்றது, உறைபெட்டியில் இருந்த டப்பாக்கள் வியர்க்கத் தொடங்கின. விசாரணையைத் தள்ளி வைக்கச் சொல்லலாமா என்று ரோஷீன் கேட்டார்.

"வேணாம்," என்றார் பெரியம்மா. "குளிர் நாள்ல பேசித்தானே இந்தக் கதிக்கு வந்தேன்."

தொட்டியில் தண்ணீர் நிரப்பி அவரை உள்ளே இறக்கினேன். முக்காலியின் மேல் என் கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தேன். மன்ற உறுப்பினராக இருந்தவர் ஒரு அம்மையார். பெயர் ஃபெல்ப்ஸ். நிதானமான, கனிவான குரல்.

"வணக்கம் திருமதி பென்ஹால். இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

ரோஷீன் இன்னொரு முனையில் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதப் பயிற்சி ஒரே நொடியில் போனது.

பெரியம்மா கண்ணை மூடினார். தொட்டிக்குள் அசைந்தார். தண்ணீர் சலசலத்தது.

"அம்மா, நான் இப்பச் சொன்னது பொய்," என்றார். "தப்பா நினைச்சுக்காதீங்க. வாய்ப் பழக்கம். நான் இப்பக் குளியல் தொட்டியில கிடக்கேன்."

"எங்க?"

"குளியல் தொட்டியில. தண்ணிக்குள்ள. வெளிய வந்தா என் கால் எங்க இருக்குன்னு கண்ணால தேடணும். காலையில படுக்கையிலேர்ந்து இங்க வரைக்கும் என் தங்கச்சி பொண்ணு பாதி தூக்கிட்டு வந்தா, பாதி தவழ்ந்து வந்தேன். ஒவ்வொரு கோடையும் இப்படித்தான். ஊர்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, இதே தொட்டியில நாள் பூரா கிடப்பேன். கழிப்பறை வரைக்கும் போக முடியாம நனைச்சுக்கிட்ட நாளும் உண்டு. அத நான் இதுவரைக்கும் ஒரு உசுருகிட்டயும் சொன்னதில்ல."

"குளிர்காலத்துல ஃபுட்டி கிளப்புல உதவி செய்யறதா மதிப்பீட்டுல இருக்கே?"

"ஆமா. சனிக்கிழமை மத்தியானம் உக்காந்து சைரன் அழுத்துவேன். அதுக்கு விலையா ஞாயிறும் திங்களும் எந்திரிக்க மாட்டேன். அந்த விலையத் தெரிஞ்சேதான் குடுக்கறேன். அந்த ஒரு மத்தியானம் இல்லேன்னா நான் யாருன்னு எனக்கே மறந்துடும்."

"பதினஞ்சு மணி நேர வேலையப் பத்திக் கேட்டப்ப, செஞ்சு பாக்கலாம்னு சொல்லியிருக்கீங்க."

பெரியம்மா சிரித்தார். "எங்க ஊர்ல ஒருத்தரும் முடியாதுன்னு சொல்லமாட்டாங்க அம்மா. படகு முழுகிட்டிருந்தாலும் கொஞ்சம் ஈரமா இருக்குன்னுதான் சொல்வாங்க. அதனால இப்பத் தெளிவாச் சொல்றேன். என்னால முடியாது. பதினஞ்சு மணி நேரம் முடியாது. குளிர்காலத்துல முடியாது, வெயில் காலத்துல கேக்கவே வேணாம். என்னால முடியாது."

கடைசி முறை சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. சைரன் அழுத்தும் அறையிலிருந்து மைதானம் முழுக்கக் கத்துவாரே, அந்தக் குரல்.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் கதவு தடாலென்று திறந்தது.

"கிளெனிஸ்! கரண்ட் போச்சே, ஐஸ் கொண்டாந்திருக்கேன்! எங்க வெக்கட்டும்?" லாம்ப்ரோஸ்தான். தோளில் இரண்டு மூட்டை ஐஸ். அவர் கத்தியது அடிலெய்டுக்குத் தொலைபேசி இல்லாமலேயே கேட்டிருக்கும்.

"யார் அது?" என்றார் ஃபெல்ப்ஸ் அம்மையார்.

நான் சைகை காட்டுவதற்குள் லாம்ப்ரோஸ் குளியலறை வாசலுக்கே வந்துவிட்டார். தொட்டியில் பெரியம்மாவைப் பார்த்ததும் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். லாம்ப்ரோஸைச் சாட்சியாகப் பேசவிட ரோஷீன் அனுமதி கேட்டார். மன்றம் அவர் பேசலாம் என்றது. லாம்ப்ரோஸ் சுவரைப் பார்த்தபடியே, தொப்பியைக் கழற்றிவிட்டு, உண்மையே பேசுவதாக உறுதி சொன்னார்.

"எத்தனை நாளா ஐஸ் கொண்டு வர்றீங்க?" என்று ரோஷீன் கேட்டார்.

"எத்தனையோ கோடையா. ஜன்னல் மூடியிருக்கும், குளியலறைக் குழாய்ல தண்ணி ஓடும். ஆள் உள்ளதான் இருக்காங்கன்னு தெரியும். பின்வாசல்ல வெச்சுட்டுப் போயிடுவேன். எதிர்வீட்டுக்காரரும் தெரிஞ்சுதான் காலையில இவங்க குப்பைத் தொட்டிய இழுத்து வெளிய வெப்பாரு."

பெரியம்மா தொட்டிக்குள்ளிருந்து எழ முயன்றார். "அடப்பாவி! அந்த ஐஸ் கிளப்பு குடுக்கறதுன்னு இல்ல நினைச்சேன்?"

"கிளப்பு உனக்கு ஒரு டீத்தூள்கூட குடுத்ததில்லையே கிளெனிஸ்."

"என்ன உடம்புன்னு அவங்ககிட்ட நீங்க கேக்கவே இல்லையா?" என்றார் ஃபெல்ப்ஸ் அம்மையார்.

லாம்ப்ரோஸ் தொப்பியைத் திருகினார். "கேட்டா அவங்க பரவாயில்லன்னு சொல்ல வேண்டியிருக்கும். எதுக்கு ஒரு மனுஷிய பொய் சொல்ல வெக்கணும்?"

 பிறகு அந்த அம்மையார், தண்ணீர் ரொம்பவும் குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி விசாரணையை முடித்தார்.

குளிர்ந்த தெற்குக் காற்று திரும்பி, ஊர் முழுக்க ஜன்னல்களைத் திறந்து போட்டிருந்த ஒரு மாலையில் ரோஷீன் அழைத்தார். ஜெயித்துவிட்டோம். உதவித்தொகை நின்ற நாளிலிருந்தே திரும்ப உண்டு என்று தீர்ப்பு. நான் வாசலுக்கு ஓடித் தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியின் மூடியைத் தாளம் போல அடித்தார். லாம்ப்ரோஸ் கடையைச் சாத்திவிட்டு ஒரு கூடை நண்டோடு வந்தார். பெரியம்மா மட்டும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டார்.

பதிலைக் கேட்க நானும் தொலைபேசியோடு காதை ஒட்டி வைத்தேன். கடையில் என்னைக் கேட்பவர்களுக்கும் ரோஷீன் சொன்ன இந்தப் பதில்தான்.

"இந்தத் தேதியோட முடியுதுன்னு எதுவும் இல்ல கிளெனிஸ். உங்க நிலைமை இப்படியே இருக்கிற வரைக்கும் வரும். ஆனா நடுவுல என்னைக்கு வேணா கூப்பிட்டு மறுபடி கேக்கலாம். அப்ப நீங்க சொல்லணும்."

"கேக்கட்டுமே," என்றார் பெரியம்மா. "வெயில் காலமாப் பாத்துக் கேக்கச் சொல்லு. இனிமே எனக்கு வாய் இருக்கு."

அதனால்தான் கடைக்கு வருகிறவர்களிடம் நானும் அதையே சொல்லி அனுப்புகிறேன். நோய் இருப்பதை மருத்துவர் எழுதித் தருவார். அது உங்களை என்ன செய்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நல்ல நாளில் கூப்பிட்டால் கெட்ட நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். வலிப்பு வரும் பையனின் தாய் இதைக் கேட்டு, "அப்போ ஒளிச்சு வெக்காமச் சொல்லணும்கிற?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு அவர், மகன் பள்ளிக்கூடக் கழிப்பறையில் விழுந்ததை முதல் தடவையாக வேறொருவரிடம், மீன் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே, என்னிடம் சொன்னார்.

ஏப்ரலில் ஃபுட்டி பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்தன்று பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பொதுவில் நாற்காலியில் வருவது அதுதான் முதல் முறை. நேரக்காப்பாளர் அறைக்கு ஏறும் இரண்டு படிக்கு மேல் யாரோ புதிதாகச் சாய்தளம் போட்டிருந்தார்கள். போட்டது யார் என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரின் சட்டையில் மட்டும் மரத்தூள் இருந்தது.

பயிற்சியாளர் வேலியருகே வந்தார். ஊருக்கே இப்போது கதை தெரியும் என்பதால் கொஞ்சம் தயங்கினார். ஆனாலும் கேட்டார்.

"எப்படி இருக்கே கிளெனிஸ்?"

வேலியில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இடது கால் மரக்கட்டை. வலது கை நடுங்குது. நாளைக்கும் நாளான்னைக்கும் படுக்கையிலதான்," என்றார் பெரியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்படியும் உன் முன்வரிசை ஆட்டக்காரங்கள விட நல்லாத்தான் இருக்கேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் சைரனை அழுத்திவிட்டார். ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. நடுவர் கையை விரித்துக்கொண்டு மேலே பார்த்தார். பெரியம்மா கையை எடுக்கவில்லை.